என் காலுக்கு நிக்குதே

புலி குறைந்துவிட்டது, சிட்டுக்குருவி குறைந்துவிட்டது, திருக்கழுக்குன்றம் மலைக்குக் கழுகுகூட இப்போதெல்லாம் வருவதில்லை என்று ஊரெல்லாம் கவலைப்படுகிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஓர் இனம் மட்டும் எந்தச் சரணாலயமும் இல்லாமல் தெருத்தெருவாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. அதற்கு 'எனக்கு வருதே ஆசாமி' என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான். வேறு நல்ல பெயர் தோன்றினால் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு பொருள் 'அப்பப்போ' கெட்டுப்போனால் போதும், வந்துவிடுவார். ஒரேயடியாகக் கெட்டுப்போன பொருளிடம் இவருக்கு ஈடுபாடு கிடையாது. அதைப் பார்க்க மெக்கானிக் போதும். அப்பப்போ கெட்டு, அப்பப்போ தானாகச் சரியாகிற பொருள்தான் இவருடைய ராஜ்ஜியம். மூன்று நாளாக டெலிபோனில் கரகரவென்று சத்தம், நீங்கள் ஹலோ ஹலோ என்று கத்தித் தொண்டை கட்டி, உங்கள் குடும்ப விவகாரம் முழுவதையும் தெருவே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இவர் வருவார், ரிசீவரை எடுப்பார், காதில் வைப்பார், கண்ணை மூடுவார், பிறகு அதை உங்களிடம் நீட்டி, "எனக்கு நல்லாத்தானே கேக்குது?" என்பார். கரகரப்பும் அந்த நேரம் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நிற்கும். அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து கோளாறு டெலிபோனில் இல்லை, உங்கள் காதில்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர் எதையும் ரிப்பேர் செய்வதில்லை. ஸ்குரூ எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்றுகூட இவருக்குத் தெரியாது. கோளாறைப் பொருளிலிருந்து அலுங்காமல் எடுத்து, அதைச் சொல்ல வந்த மனுஷன் தலையில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு காபி கேட்பார். நாமும் கொடுப்போம். கொடுக்காமல் என்ன செய்வது?

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் உங்களுக்கு உறைக்காது. நீங்கள் பாட்டுக்கு உங்கள் மாமாவையோ மேனேஜரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறேன்.

செங்கல்பட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் திருநாவுக்கரசு. கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டோர்ஸில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். வந்த கையோடு, 2001-ல், பதினைந்து வயதான ஒரு டீசல் வேனை வாங்கினார். சீட்டைக் கழற்றினால் சரக்கு, மாட்டினால் ஆட்கள். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் செதுக்குகிற சிலைகளை ஈ.சி.ஆர். ஓரத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது வார நாள் வேலை. முகூர்த்த நாளில் சீட்டை மாட்டிக்கொண்டு கல்யாண சவாரி. வண்டியை ஓட்ட தாவீது என்று ஒருவரை வைத்திருந்தார்.

தாவீது மாமல்லபுரத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாகச் சிலை ஏற்றிய வண்டிகளை மட்டுமே ஓட்டினவர். சிலை ஏற்றுகிறவன் பிரேக் போடுகிற தினுசே வேறு. கற்சிலைக்கு உடம்பெல்லாம் பலம், மூக்கு மட்டும் பலவீனம். திடீரென்று பிரேக் போட்டால் புத்தர் முன்னால் சாய்ந்து, எதிரே இருக்கிற பிள்ளையாரின் தந்தத்தில் மூக்கை விட்டுவிட்டு நிமிர்வார். மூக்கில்லாத புத்தரை எந்த ஓட்டலும் தன் புல்தரையில் உட்கார வைப்பதில்லை. அதனால் தாவீது, நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு பர்லாங் முன்பே காலைப் பெடல்மேல் வைத்து, தூங்குகிற குழந்தையைப் பாயில் இறக்குகிற மாதிரி வேகத்தை இறக்குவார். அவருடைய வண்டியில் நான் பலமுறை போயிருக்கிறேன். வண்டி எப்போது நின்றது என்று ஒருதடவைகூடத் தெரிந்ததில்லை.

திருநாவுக்கரசும் ஓட்டுவார். அவர் பிரேக் போடுவது கரப்பான்பூச்சியை மிதிப்பது மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியை முத்தமிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

2002-ல், ஆடி மாதக் கடைசியில், தாவீது வந்து சொன்னார். பெரும்பாலும் வண்டி ஒழுங்காக நிற்கிறது, ஆனால் சில நேரம் பெடலை மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி அது பாட்டுக்கு மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வண்டியும் போய்க்கொண்டே இருக்கிறது, காலை எடுத்து மறுபடி போட்டால் நின்றுவிடுகிறது என்று. திருநாவுக்கரசு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியை வாங்கினார், லுங்கியை மடித்துக் கட்டினார், ஏரிக்கரை ரோடுவரை போனார், நல்ல வேகத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வண்டி அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. திரும்பி வந்து இறங்கி, சாவியைத் தாவீதின் கையில் போட்டார்.

"என் காலுக்கு நிக்குதே, தாவீது."

அந்த வாரமே இன்னொரு தடவை. அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் தாவீது வந்து சொல்வார், இவர் போய் மிதிப்பார், அது நிற்கும். மூன்றாவது தடவைக்குப் பிறகு திருநாவுக்கரசு பிரேக்கை ஆராய்வதை விட்டுவிட்டுத் தாவீதை ஆராய ஆரம்பித்தார். முதலில் செருப்பு. ரப்பர் செருப்பு வழுக்கும் என்றார், தாவீது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காலோடு ஓட்டினார். அடுத்து கண். பிறகு தூக்கம். பிறகு, நேரடியாகக் கேட்க முடியாத ஒரு சந்தேகம் வந்து, காலையில் தாவீது வந்ததும் அவர் சட்டைக் காலர் சரியில்லை என்று திருத்துகிற சாக்கில் கிட்டப் போய் மோந்து பார்த்தார். தாவீது குடிக்காதவர். அவர் குடியிருந்த மீனவர் குப்பத்தில் அது அவருக்கு ஒரு குறையாகவே சொல்லப்பட்டு வந்தது. வாயில் இஞ்சி மரப்பான் வாசனைதான் அடித்திருக்கிறது. அதுவும் எதையோ மறைக்கத்தான் என்று திருநாவுக்கரசு என்னிடம் வந்து சொன்னார்.

நீ ஏன் ஐயா எடுத்துச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்பீர்கள். அவர் வீட்டுக் காபி நன்றாக இருக்கும். வேறு காரணம் இல்லை.

தாவீது விடாமல் நச்சரித்ததில், ஒருநாள் ஜெயினுலாபுதீன் பாயிடம் வண்டியைக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பாயின் பட்டறை. டீசல் வண்டிகளைப் பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. திருநாவுக்கரசு தாவீதை விட்டுவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு போனார். பாய் சக்கரம் நாலையும் பார்த்தார். எங்கேயும் ஒழுகல் இல்லை. பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். சொட்டுக்கூடக் குறையவில்லை. திருநாவுக்கரசு ஒவ்வொன்றுக்கும் "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு ஓட்டுறப்போ சார் இப்பிடி ஆவுது?"

"டிரைவர் ஓட்டும்போதுதான்."

"அப்போ அவர இட்டாந்திருக்கணும். நீ இன்னாத்துக்கு வந்த?"

ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், டிரைவரை அனுப்புங்கள், அப்பப்போ வருகிற கோளாறு நின்று பார்த்தால்தான் தெரியும், விட்டால் பேஜாரு ஆகிவிடும் என்று பாய் பொறுமையாகச் சொன்னார். திருநாவுக்கரசு சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும் மனைவி லோகநாயகியிடம், "பாயே ஒண்ணும் இல்லைன்னுட்டார்" என்றார். பாய் அப்படிச் சொல்லவில்லை. இந்த இனத்துக்குக் காதிலும் ஒரு வடிகட்டி உண்டு.

ஆவணியில் திருநாவுக்கரசின் ஒரே மகள் ஹரிப்ரியாவுக்குப் பூ வைக்கும் விசேஷம். சிங்கப்பெருமாள் கோயிலில், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூரிலிருந்து முதல்நாளே வந்து செங்கல்பட்டில் தங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களையெல்லாம் நம் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை சீட்டையெல்லாம் மாட்டி முடித்த பிறகு தாவீது கேட் ஓரமாக வந்து நின்றார்.

"சரக்குன்னா ஓட்டிடுவேன் சார். போனா மூக்குதான் போவும். ஆளுங்கள ஏத்திக்கினு ஓட்ட மாட்டேன். பாய்கிட்ட ஒரு நாளு வுடு."

நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு அபசகுனமாகப் பேசுகிறாயே என்று திருநாவுக்கரசு சத்தம் போட்டார். ஓட்ட இஷ்டமில்லை என்றால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம், இனிமேல் வரவும் வேண்டாம் என்றார். தாவீதுக்கு இதை விட்டால் அப்போதைக்கு வேறு வேலை இல்லை, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று பேர். அவர் சாவியை கேட் தூண்மேல் வைத்தார். என்னைப் பார்த்து வருகிறேன் என்று தலையசைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது, இருந்தும் காபியைக் குடித்து முடித்தேன்.

"அவரு பொய் சொல்ற ஆளாத் தெரியலியே" என்றார் லோகநாயகி.

"பொய்னு நான் சொன்னேனா? வண்டி நல்லா இருக்குன்னுதானே சொல்றேன்" என்றார் திருநாவுக்கரசு. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே வாயால் சொல்ல இவர்களால்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் பன்னிரண்டு பேர். ஸ்டியரிங்கில் திருநாவுக்கரசு, பட்டு வேட்டியில். பக்கத்தில் வருங்கால சம்பந்தி பக்தவத்சலம், தஞ்சாவூரில் சொந்தக் கார் வைத்திருப்பவர், அதை ஏறியதிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் சம்பந்தியம்மாள். அவர் மடியில் வரிசைத் தட்டு, தட்டில் ஐம்பத்தொரு லட்டு கோபுரமாக அடுக்கியிருந்தது. கோபுரத்துக்கு உச்சியில் ஒரு முந்திரிப் பருப்பு. கடைசி சீட்டில் நான், எனக்கு முன் சீட்டில் லோகநாயகி. ஹரிப்ரியா தோழிகளோடு முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

முதல் வேகத்தடையில் திருநாவுக்கரசு வழக்கம்போலக் கரப்பான்பூச்சியை மிதித்தார். மூன்று லட்டு உருண்டு சீட்டுக்கு அடியில் போயிற்று. சம்பந்தியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லைங்க, கொஞ்சம் மெதுவா புடிங்க, தட்டு சாயுது" என்றார், ஒரு சிரிப்போடு. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தச் சிரிப்பின் எடை தெரியும். திருநாவுக்கரசு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஒரு பெடலை மரியாதையாக மிதிக்க ஆரம்பித்தார். வண்டி அழகாகப் போயிற்று. தாவீது ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது என்று நான் நினைத்தேன். நினைத்ததும் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சிங்கப்பெருமாள் கோயில் கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் வேறு வண்டி இல்லை. இரண்டு பால் கேன்களை மாட்டிக்கொண்டு ஒரு சைக்கிள்காரர் மட்டும் ஒற்றைக் காலை ஊன்றி நின்றிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் கேட்டின் குறுக்குக் கம்பம், அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். திருநாவுக்கரசு நல்ல தூரத்திலேயே காலை வைத்தார். பின்னாலிருந்து எனக்கு அவர் வலது தோள் தெரிந்தது. அந்தத் தோள் மெல்ல இறங்கியது. இன்னும் இறங்கியது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தி, தன் கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சைக்கிளின் பின் மட்கார்டில் எழுதியிருந்த பெயரை என்னால் கடைசி சீட்டிலிருந்தே படிக்க முடிந்தது. அப்போதுதான் திருநாவுக்கரசு காலை எடுத்து, பழைய பழக்கத்தில், ஓங்கி மிதித்தார்.

நின்றது. எல்லோரும் முன்னால் போனோம், எங்களுக்கு முன்னால் லட்டு போயிற்று. அதற்குள் பம்பர் சைக்கிளைத் தொட்டுவிட்டது. பால்காரர் சாய்ந்து விழுந்தார், முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது, பால் ரோட்டில் வழிந்து கேட்டுக்கு அடியில் ஓடியது. "இன்னா அண்ணாத்த, பட்டு வேட்டி கட்னா கண்ணு தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். அந்த நேரம் பார்த்து எலக்ட்ரிக் ரயில் வந்தது. கடைசிப் பெட்டி போகிறவரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பெடல் உள்ள போயிடுச்சு" என்றார் திருநாவுக்கரசு. "மிதிச்சேன், உள்ள போயிடுச்சு."

பக்தவத்சலம் மேல்துண்டிலிருந்து லட்டுத் தூளைத் தட்டினார். "எங்கே, நகருங்க" என்றார். டிரைவர் சீட்டில் மாறி உட்கார்ந்தார். எங்களையெல்லாம் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, ரோட்டோரமாக ஐம்பதடி ஓட்டி, சொந்தக் கார் வைத்திருப்பவரின் முழு அதிகாரத்தோடு ஒரு மிதி மிதித்தார். ஆணி மாதிரி நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என் காலுக்கு நிக்குதே, சம்பந்தி."

திருநாவுக்கரசு என்ன சொல்வார்? அப்பப்போதான் போகுது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னார். பக்தவத்சலம் கேட்டுக்கொண்டார். செருப்பு புதுசா என்றார். கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்றார். பெண் விசேஷம், தூக்கம் இருந்திருக்காது, சகஜம்தான் என்று தோளில் கை போட்டு, கிட்டத்தில் இழுத்து, லேசாக மூக்கை உறிஞ்சினார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

லோகநாயகிதான் முன்னால் வந்தார். "இல்லைங்க அண்ணா, கோளாறு வண்டியிலதான். எங்க டிரைவர் ஒரு மாசமா சொல்லிட்டிருந்தார். நாங்க கேக்கலே." அவ்வளவுதான் சொன்னார், பால்காரரின் முழங்காலைத் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டார், ஆட்டோ பிடிக்கச் சொன்னார். விசேஷம் நடந்தது. தட்டில் இருபத்திரண்டு லட்டு மிச்சம். சம்பந்தியம்மாள் அதைத் தட்டையாகப் பரப்பி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பாயே ஆளை விட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். திருநாவுக்கரசும் நானும் பஸ்ஸில் மாமல்லபுரம் போய்த் தாவீதைப் பட்டறைக்குக் கூட்டி வந்தோம். தாவீது வண்டியில் ஏறக்கூட இல்லை. கதவைத் திறந்து, கீழே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைப் பெடல்மேல் வைத்து, கல்லில் எண்ணெய் தடவுகிற பக்குவத்தில் அழுத்தினார். பெடல் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. இன்னொரு தடவை அழுத்தினார். மறுபடியும் தொட்டது.

"காலால மிதிக்காத சார். கையால அழுத்திப் பாரு" என்றார்.

பாய் விஷயத்தை இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஓங்கி மிதித்தால் அந்த ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும், வண்டி நிற்கும். மெதுவாக அழுத்தினால் ஆயில் ஓரமாக நழுவித் திரும்பிவிடும், ஒரு சொட்டும் வெளியே வராது. முரட்டுக்காலுக்கு நிற்கும், பதமான காலுக்கு நிற்காது. திருநாவுக்கரசு பட்டறைத் தரையில் முழங்காலிட்டு, தன் கையால் மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே, "நாளையிலேருந்து வந்துடு, தாவீது" என்றார்.

"இல்ல சார். நேத்தே வேற வண்டி ஒத்துக்கினேன்."

"நல்ல வண்டியா?"

"இதவிட பழசு. ஆனா பிரேக்கு உள்ள பூடுதுன்னு சொன்னா, 'எப்போ பூடுது'ன்னு கேக்குறாரு."

பாய் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதற்குப் பிறகு திருநாவுக்கரசு திருந்தியிருப்பார் என்று எதிர்பார்ப்பீர்கள். திருந்தினார், பிரேக் விஷயத்தில் மட்டும். எந்த வண்டியைக் கண்டாலும் கதவைத் திறந்து குந்திக்கொண்டு கையால் அழுத்துகிறார், இதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறார், அவர்களும் நம்பிவிட்டார்கள். போன மாதம் புது டிரைவர், மூன்றாவது கியர் சில நேரம் விழ மாட்டேன் என்கிறது என்று சொன்னார். இவர் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை போட்டுப் பார்த்தார். மேற்கொண்டு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிகிற உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. போன வாரம் உங்கள் மனைவி, மாடிப்படி ஏறும்போது அப்பப்போ மாரை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஏதோ சொன்னார். நீங்கள் பேப்பரைத் தாழ்த்தி, அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, இப்போ நல்லாத்தானே இருக்கே என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.